கிளை தாவும் கம்ப்யூட்டர் வேலை!

தையல்காரர் ஒருவர் சட்டை தைத்துக் கொண்டு இருக்கிறார். பாதிதான் முடிந்து இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் ஓடி வருகிறார். "அண்ணே! இந்த ரவிக்கையை உடனே தைத்துக் கொடுங்கள்" என்கிறார்.

தையல்காரர் என்ன செய்வார்? பாதிச் சட்டையைச் சுருட்டிக் கட்டி, ஓரமாக வைப்பார். பிறகுதான் ரவிக்கையைத் தொடுவார்.

கம்ப்யூட்டருக்கு சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் இதே நிலைமைதான்!

கிளை என்றால் என்ன?

நன்றாக ஓடும் சாப்ட்வேரை ஒரு கிளையாக வைத்து இருப்பார்கள். புதிய வசதியை வேறு கிளையில் எழுதிப் பார்ப்பார்கள். அது கெட்டாலும் முதல் கிளைக்குச் சேதம் இல்லை.

இந்தக் கிளைகளுக்குக் கணக்கு வைக்கும் கணக்குப்பிள்ளையின் பெயர் "கிட்".

5-ம் நாளே வேலை!

"லினக்ஸ்" தந்த லினஸ் டோர்வால்ட்ஸ்தான் இதையும் படைத்தார். பின்லாந்தில் பிறந்தவர். லினக்ஸ் வேலைக்கு "பிட்கீப்பர்" என்ற சாப்ட்வேர் இலவசமாகக் கிடைத்து வந்தது. 2005-ல் அந்தச் சலுகை நின்றது. ஏப்ரல் 3-ந் தேதி லினஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். 7-ந் தேதியே கிட் தன் கணக்கைத் தானே வைத்துக் கொண்டது!

மூட்டை கட்டு!

புதிய வசதி பாதியில் நிற்கிறது. ஓடும் சாப்ட்வேரில் திடீர்க் கோளாறு! உடனே அந்தக் கிளைக்குப் போக வேண்டும்.

"சுவிட்ச்" என்று எழுதி, கிளையின் பெயரைக் கொடுத்தால் போதும். போல்டர் அதேதான். உள்ளே இருக்கும் பைல்கள் மாறிவிடும்.

பாதி வேலை அழிந்துவிடும் என்றால், கிட் போக மறுக்கும். அப்போது "கமிட்" செய்து வேலையைப் பதியலாம். அல்லது "ஸ்டாஷ்" என்று கட்டி ஓரமாக வைக்கலாம். திரும்பி வந்து "ஸ்டாஷ் பாப்" என்றால் மூட்டை அவிழும்.

கேட்காமல் அழிக்கும்!

முன்பு "செக்-அவுட்" என்ற ஒரே கட்டளைக்கு இரண்டு வேலை. கிளையின் பெயரைக் கொடுத்தால் கிளை மாறும். பைலின் பெயரைக் கொடுத்தால் பைல் பழையபடி ஆகும். அதில் பதியாமல் இருந்த உழைப்பு, ஒரு வார்த்தை கேட்காமலே அழியும்!

அதனால் 2019 ஆகஸ்டில் வேலையைப் பிரித்தார்கள். கிளை மாற "சுவிட்ச்". பைலைப் பழையபடி ஆக்க "ரீஸ்டோர்". பழைய கட்டளையும் இன்னும் இருக்கிறது. எச்சரிக்கை தேவை!

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் தொழில் படிக்கிறானா? "தம்பி! கிளை தாவும் முன்பு கைவேலையைக் கட்டி வை" என்று சொல்லுங்கள்.