மொட்டை மாடியில் ஹாட் டப் வைக்கலாமா?

ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது ஹாட் டப். 'மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு, அங்கே வெச்சிடலாம்' என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. விலையைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்க.

மாடி தாங்குமா?
ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலு பேர் உட்காரும் தொட்டியில் சுமார் 800 லிட்டர் பிடிக்கும். அதில் இறங்கும் ஆட்களின் எடை தனி. ஆட்கள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 தரநிலை கணக்கில் எடுக்கும் கூடுதல் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. தொட்டியில் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 600 கிலோ, அதாவது நாலு மடங்கு! எனவே கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்குங்க. தரைத்தளத்தில் இடம் இருந்தால் அதுவே நல்லது.

அனுமதி வேண்டுமா?
சிமென்ட் தொட்டி, சுவர், கூரை என்று எதைக் கட்டினாலும் அது கட்டுமானம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி தேவையா என்பதை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்க. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொதுப் பகுதியாக இருந்தால், சங்கத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் வைக்காதீங்க.

கரண்ட் விஷயம்
ஹீட்டரே பெரும்பாலும் 2 கிலோவாட் இழுக்கும். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்க. போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். வயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்க.

தண்ணீர் எங்கே போகுது?
மாடிக் குழாய் பல வீடுகளில் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. குளோரின் கலந்த தண்ணீரை அதில் திறந்துவிட்டால் நம்ம கிணறுதான் கெடும். கழிவுநீர்க் குழாயில் விடுங்க. பயன்படுத்தாத நாட்களில் தொட்டியைக் காலி செய்து காய வையுங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

குளிப்பவர்கள் கவனத்துக்கு
வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். மது அருந்தியவர்கள் கிட்டேயே போகக் கூடாது. சின்னக் குழந்தை மூழ்கக் கொஞ்சம் தண்ணீரே போதும். ஆகவே பூட்டு உள்ள மூடி அவசியம்.

மின்சாரம் தொடர்பான புகார், சந்தேகங்களுக்கு மின்னகம்: 94987 94987. 24 மணி நேரமும் அழைக்கலாம்.