உல்லன் என்று சொன்னால் போதுமா?

மார்கழி பிறந்தால் தஞ்சாவூர், கும்பகோணம் கடைத்தெருக்களில் ஸ்வெட்டர்கள் தொங்கத் தொடங்கிவிடும். டெல்டாவின் குளிர் விடியற்காலைப் பனியோடு சரி. பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். சம்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவருக்கும், முதல் பஸ்ஸைப் பிடிக்கும் மாணவிக்கும் இரண்டு மணி நேரக் கதகதப்பு இருந்தால் போதும். வெயில் ஏறியதும் அதே ஸ்வெட்டருக்குள் உடம்பு புழுங்கிவிடுகிறது.

காரணம் துணிதான். ‘உல்லன்’ என்று கூவி விற்கப்படும் மலிவு ஸ்வெட்டர்களில் பல, பெட்ரோலிய மூலப்பொருளில் செய்த அக்ரிலிக். அது வியர்வையை உறிஞ்சாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படியில் நிற்பவர்களுக்கு இது ஆபத்து. ஆட்டு ரோமக் கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், சட்டென்று தீப்பற்றாது. ஆனால் இழையின் தடிமன் 30 மைக்ரானைத் தாண்டினால் கழுத்தில் குத்தும், நமைக்கும். 24 மைக்ரானுக்குள் இருக்கும் மெரினோ ஆட்டுக் கம்பளி மென்மையானது, விலையும் அதிகம். உள்ளூர்ப் பனிக்குத் திருப்பூர் பின்னல் பருத்தியே போதும். ஊட்டிக்கோ வடக்கே படிக்கவோ போகிறவர்கள் கம்பளிக்குச் செலவழிக்கலாம்.

கடையில் ஸ்வெட்டரைப் புரட்டி, பக்கத் தையலில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். எந்த இழை எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். உட்புறத்தைக் கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், வீட்டில் தையலோரம் ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் விரலில் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாடை பருத்திக்கு. உருகிக் கறுத்த கெட்டி மணியானால் செயற்கை இழை. கலப்புத் துணியில் இந்தச் சோதனை குழப்பும்.

திருபுவனத்தில் பட்டெடுக்கும்போது சில்க் மார்க் முத்திரையைத் தேடுகிற குடும்பங்கள், ஸ்வெட்டருக்குப் பில்கூடக் கேட்பதில்லை. ஏமாற்றத்துக்கு வழி அங்கேதான் திறக்கிறது. ஒரு பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொய்யாகச் சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. ஆன்லைனில் வாங்கியது விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றாலும் விற்றவர் திரும்பப் பெற்றாக வேண்டும்.

கடைக்காரர் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் லேபிளை வெட்டி எறியாதீர்கள். ‘கம்பளி’ என்று கடைக்காரர் வாயால் சொன்னதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.