நான்கு பாட்டில் வைத்தியம்

என் டீசல் கார் வாடகைக்கு ஓடியே 3,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மதுரை–சென்னை சவாரிதான் அதிகம். இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் டீசல் இன்ஜின் அப்படித்தான் உழைக்கும். ஊருக்குள்ளேயே, சூடேறும் முன் அணைத்து அணைத்து ஓட்டினால் கரி படிந்து, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கரி வடிகட்டி வேறு. அதற்கும் நீள ஓட்டம் வேண்டும்.

போன வருடம் என் வண்டி காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆனது. பம்பு போச்சு என்று ஒருவர் பெரிய தொகை சொன்னார். என் வழக்கமான மெக்கானிக் பேசவே இல்லை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். மூன்றாவது பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தது.

"இதாண்ணே உங்க பம்பு!"

இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். டயரில் இருப்பது இரண்டு சொச்சம். இன்ஜெக்டருக்குள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி கொஞ்சம் தேய்ந்தாலே டீசல் திரும்பி வழியும், அழுத்தம் ஏறாது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது வெறும் ஆயில் படலத்தின் மேல். ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் செய்தால் அதுதான் முதலில் ஊளையிடும்.

பழைய டீசல் கார் வாங்குபவர்கள் மீட்டரைப் பார்க்கிறார்கள். நான் விடியற்காலையில் போய் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், காலை ஸ்டார்ட்டிங் தகராறை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கலாம்; டீ குடித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவேன்.