தனக்கு நடந்த விருந்துக்குத் தானே சூப் வைத்த ஓட்டல்காரர்!

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் சாம்பார் கிண்டினால் எப்படி இருக்கும்?

பாரீஸ் நகரில், பிரான்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகையில் ஒருநாள் அப்படித்தான் நடந்தது. 1975-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்று ஜனாதிபதியாக இருந்தவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தாங். (1980-ல் குடியரசு தின விழாவுக்கு டெல்லி வந்தாரே, அவரேதான்.) அவர் ஓர் ஓட்டல்காரருக்கு "லெஜியன் ஆப் ஆனர்" விருதைச் சூட்டினார். நெப்போலியன் 1802-ல் ஏற்படுத்திய விருது அது. தளபதிகளும் பெரிய அதிகாரிகளும் நெஞ்சில் குத்திக்கொண்டு நடப்பது. அதை ஒரு சமையல்காரர் வாங்கிக்கொண்டார்.

பெயர்: பால் பொக்கூஸ். லியோன் நகரத்துக்குப் பக்கத்தில், சோன் ஆற்றங்கரையில் இருக்கும் கொலோஞ்சு என்ற சின்ன ஊரில் ஓட்டல் நடத்தியவர்.

விருது என்றால் விருந்தும் உண்டு. அரண்மனை மாதிரி மாளிகை. ஆனால் சமைத்தது யார் தெரியுமா? விருது வாங்கிய பொக்கூசும் அவருடைய கூட்டாளிகளும்தான்! ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

விற்றுப்போன பெயர்

பொக்கூஸ் வீட்டில் பரம்பரை பரம்பரையாகக் கரண்டி பிடித்தவர்கள். தாத்தா ஜோசப் 1921-ல் ஓட்டலை விற்றார். விற்றவர் சும்மா விற்கவில்லை. ஓட்டலோடு சேர்த்து "பொக்கூஸ்" என்ற பெயரையும் விற்றுவிட்டார்!

மகனுக்கும் பேரனுக்கும் வந்தது வினை. சொந்தப் பெயரைச் சொந்த ஓட்டல் வாசலில் எழுத முடியாது.

நம்ம ஊரில் அண்ணன் தம்பி பிரிந்தால், எதிரும் புதிருமாக ஒரே பெயரில் "ஒரிஜினல்" போர்டு மாட்டிக்கொள்வார்கள். அங்கே அந்த வழியும் அடைபட்டுப் போச்சு.

பேரன் பால், 1926 பிப்ரவரி 11-ல் பிறந்தார். பிறந்தது தாய்வழித் தாத்தா பாட்டியின் விடுதி வீட்டில். 18 வயதில் போருக்குப் போனார். அல்சாஸ் பகுதியில் குண்டடி பட்டது. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்த சோல்ஜர்கள் அவர் தோளில் ஒரு சேவல் படத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். சேவல் பிரான்சு நாட்டின் அடையாளம்.

திரும்பி வந்து, பெரிய பெரிய கைகளிடம் வேலை கற்றார். அதில் ஒருவர் பெண்மணி, எழெனி பிராசியே. பேச்சே கிடையாது, வேலைதான் என்ற ரகம்.

மிஷ்லின் டயர் கம்பெனி வருஷா வருஷம் ஓட்டல் கைடு வெளியிடுகிறது. அதில் 3 ஸ்டார் வாங்கினால் அதற்கு மேல் இல்லை. 1965-ல் பால் அந்த 3 ஸ்டாரை வாங்கினார். அப்போதும் பெயர் அடுத்தவன் கையில்! மறு வருஷம், 1966-ல், காசு கொடுத்துத் தன் பெயரைத் தானே வாங்கினார். பிறகு கட்டிட முகப்பில் ஊரே பார்க்கிற மாதிரி அதை எழுதினார். எழுதாமல் இருப்பாரா?

அந்தக் காலத்துச் சமையல்காரர்கள் கொல்லைப்புறத்து ஆட்கள். சாப்பிட வந்தவர்களுக்கு அவர்கள் முகம் தெரியாது. பொக்கூஸ்தான் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, மேஜை மேஜையாக வணக்கம் சொன்னார். தலைக்கனம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பெயரை இழந்திருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மூடி போட்ட சூப்

எலிசே மாளிகைக்கு அவர் கொண்டுபோனது ஒரு சூப்.

அதில் முக்கியமான சரக்கு கறுப்பு "டிரபிள்". ஓக் மரத்து வேரை ஒட்டி மண்ணுக்குள் விளைகிற ஒருவகைக் காளான். முன்னே பன்றியை விட்டு மோப்பம் பிடிக்க வைத்தார்கள், பிறகு நாய். பார்க்க அடுப்புக்கரி மாதிரி இருக்கும், விலையோ தங்கம் மாதிரி. குளிர்காலம்தான் சீசன். பிப்ரவரி என்றால் சரியான பக்குவம்.

சிங்கத் தலை வைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அதில் டிரபிள் சீவல், பொடியாக நறுக்கிய காய்கறி, கோழிக்கறி, கொழுக்க வைத்த வாத்தின் ஈரல், மேலே தெளிந்த சாறு. கிண்ணத்தின் வாயைப் பப்ஸ் மாவால் மூடி, சூளை அடுப்பில் வைத்துவிடுவார்கள். மாவு உப்பிப் பொன்னிறமாகக் கோபுரம் கட்டும். வாசனை முழுக்க உள்ளேயே சிறை!

கிண்ணம் மேஜைக்கு வந்தது. எப்படிச் சாப்பிடுவது என்று ஜனாதிபதிக்கே தெரியவில்லையாம். மூடியை உடைக்க வேண்டும் என்றாராம் பொக்கூஸ். அவர்கள் பாஷையில் "மேலோட்டை உடைப்போம்" என்றால் "ஒரு வாய் சாப்பிடுவோம்" என்றும் அர்த்தம். கூலிக்காரன் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது சொல்கிற பேச்சு அது. ஜனாதிபதி மாளிகையில் எடுபட்டது!

டிருவாகுரோ சகோதரர்கள் சால்மன் மீன் செய்தார்கள். எண்ணெய் இல்லாத தவாவில் மெல்லிய துண்டை நொடிப்பொழுது காட்டி எடுத்து, புளிப்புக்கீரைக் குழம்போடு வைப்பது. (நம்ம சுக்காங்கீரை சாதிதான்.) மிஷெல் கெரார் வாத்து. ரோஜே வெர்ழே பச்சைக் காய்கறி, கீரை. லியோன் நகரத்து மிட்டாய்க் கடைக்காரர் பெர்னாஷோன் செய்த சாக்லெட் கேக்குக்கு "ஜனாதிபதி" என்றே பெயர் விழுந்தது.

அதே வருஷத்துச் சீசா

விருந்தின் ருசியான சமாசாரம் சூப்பில் இல்லை, சீசாவில் இருந்தது.

பொக்கூசுக்கு 49 வயசு முடிந்து 14 நாள்தான் ஆகியிருந்தது. ஜனாதிபதிக்கும் அதே 49. அவர் பிறந்தது பிப்ரவரி 2. இருவரும் 1926-ல் பிறந்தவர்கள். மேஜைக்கு வந்த "ஷாத்தோ மார்கோ" சிவப்பு ஒயினும் 1926! "ரோடரர்" ஷாம்பெயினும் 1926! எல்லாம் "மேக்னம்" சீசா. அதாவது ஒன்றரை லிட்டர், சாதாரண சீசாவைப்போல் இரண்டு மடங்கு. பெரிய சீசாவில் ஒயின் அளவுக்குக் காற்று குறைவு. அதனால் மெதுவாக முதிரும், சீக்கிரம் கெடாது.

பிப்ரவரியில் பிள்ளைகள் பிறந்தார்கள். அதே வருஷம் அறுவடையில் பறித்த திராட்சை அது. நடுவில் ஹிட்லர் படை வந்து நாட்டைப் பிடித்தது, நாலு வருஷம் இருந்தது, போனது. தாத்தா விற்ற பெயர் திரும்பி வந்தது. அவ்வளவு காலமும் அந்தத் தக்கை திறக்கவில்லை.

பொக்கூஸ் 2018 ஜனவரி 20-ல் காலமானார். 92-வது பிறந்தநாளுக்கு இன்னும் 22 நாள். உயிர் பிரிந்தது அவர் பிறந்த அதே வீட்டில், ஓட்டலுக்கு மேல். 2020 ஜனவரியில் கைடுக்காரர்கள் 55 வருஷமாக இருந்த 3 ஸ்டாரில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் ஜிஸ்காரும் போய்ச் சேர்ந்தார்.

சூப்புக்கு "வி.ஜி.இ." என்று பெயர். ஜனாதிபதி பெயரின் தலைப்பெழுத்துகள். வாசலில் இருக்கிற பெயரோ சமையல்காரருடையது.