பிள்ளைகளைக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடியுமா?

"எனக்கு நாலு பிள்ளைகள். அவர்களைக் காட்டி வரியைக் குறைக்க ஏலாதா?" வருமான வரி விபரத்திரட்டை நிரப்பித் தரச் சொல்லி வரும் சகோதரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,200 டொலர் வரை வரியில் கழிக்கிறார்கள் என்று உறவினர் மூலம் கேள்விப்பட்டு வருபவர்களும் உண்டு.

நமது நாட்டில் அது முடியாது. 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம், தனிநபர் நிவாரணமாகக் கிடைக்கிறது. திருமணமாகாதவருக்கும் அதே தொகை, ஆறு பிள்ளைகளின் வாப்பாவுக்கும் அதே தொகை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 2020 முதல் 2022 முடியும் வரை பிள்ளைகளின் உள்நாட்டுக் கல்விச் செலவு, மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றைச் சேர்த்து வருடத்துக்கு 12 இலட்சம் வரை கழிக்க முடிந்தது. நெருக்கடிக் காலத் திருத்தச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து அதை நீக்கிவிட்டது. இன்றும் சிலர் பாடசாலைக் கட்டணப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள். பாவம், அவற்றால் இப்போது பயனில்லை.

ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு மாதம் 125,000 ரூபா சம்பளம் எடுத்தால் வரியே இல்லை. பக்கத்து வீட்டில் கணவர் மட்டும் 250,000 எடுத்தால் வருடத்துக்கு 96,000, மாதம் 8,000 ரூபா வரி. இரண்டு வீட்டுக்கும் வரும் பணம் ஒன்றுதான். நம்மவர்களில் பலரது குடும்பம் இரண்டாவது வகை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் கணவன், மனைவி வருமானத்தைத் தனித்தனியாகவே பார்க்கிறது. கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். அதை வாடகைக்கு விட்டால் அது அவருடைய வருமானம். அவருக்கும் 18 இலட்சம் நிவாரணம் உண்டு. கணவனின் கணக்கில் அதைச் சேர்த்து வீணாக வரி கட்ட வேண்டாம். (வரிக்காகப் பெயரளவில் சொத்தை மாற்றச் சொல்லவில்லை.)

மற்றதெல்லாம் போகட்டும், பிள்ளைகளின் கல்விச் செலவுக் கழிவையாவது திரும்பக் கொண்டுவரும்படி அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். மூன்று வருடம் நடைமுறையில் இருந்த ஒன்றைத்தான் கேட்கிறோம்.