அளவறிந்து கூட்டுக!



ஒரு காரில் புதிய உறுப்பு எதனையும் பொருத்தாமல் அதன் ஆற்றலைக் கூட்ட இயலுமா? இயலும். ஆனால், அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் கூட்டுபவர் எஞ்சினையே இழக்க நேரிடும்.

1979-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 732 ஐ காரில், போஷ் நிறுவனத்தின் ‘மோட்ரானிக்’ இடம்பெற்றது. பெட்ரோலைத் தெளிப்பதையும் தீப்பொறி எழுப்புவதையும் ஒரே கணிப்பொறி ஆளத் தொடங்கியது. நிமிடத்திற்கு 6000 முறை சுழலும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 50 முறை தீப்பொறி எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பன கணிப்பொறியின் நினைவகத்தில் அட்டவணைகளாகப் பதிந்துள்ளன. டர்போ எஞ்சினாயின், காற்றை எவ்வளவு அழுத்தி உட்செலுத்துவது என்பதும் அதில் அடங்கும். இவ்வட்டவணைகளைத் திருத்துவதே ‘டியூனிங்’.

‘அப்படியானால் தொழிற்சாலையே கூட்டித் தந்திருக்கலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். தரங்குறைந்த பெட்ரோல், கடும் வெயில், மலைப்பாதை, பராமரிப்பில் அலட்சியம் ஆகிய அனைத்தையும் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்காகவே தயாரிப்பாளர் சிறிது இடைவெளி விட்டு வைக்கிறார். நாம் கூட்டும் ஆற்றல் பெரும்பாலும் அந்தச் சேமிப்பிலிருந்தே வருகிறது.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்வைக் காண்போம். ஜப்பானிய நிறுவனங்கள் தம் நாட்டில் விற்கும் கார்களின் ஆற்றல் 280 குதிரைத்திறனைத் தாண்டாது என்று தமக்குள் இசைந்து, 2004 வரை அதனைக் கடைப்பிடித்தன. அக்காலத்து சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் முதலிய டர்போ கார்கள் 1990-களில் பழைய வண்டிகளாகப் பிரிட்டனுக்கு இறக்குமதியாயின. அவற்றின் அட்டவணைகள், ஏறத்தாழ 100 ஆக்டேன் கொண்ட ஜப்பானிய உயர்ரகப் பெட்ரோலுக்காக எழுதப்பட்டவை. பிரிட்டனிலோ அன்று பொதுவாகக் கிடைத்தவை 95-உம் 97-உம் மட்டுமே. வண்டியை எவரும் தொடவில்லை. எரிபொருள் மட்டுமே மாறியது. விளைவு என்ன? தீச்சுடர் வந்து சேருமுன்பே, மீதமிருந்த கலவை தானாகவே வெடித்தது. இதுவே ‘நாக்கிங்’. சுத்தியலடி போன்ற அதன் தாக்குதலால் பிஸ்டன்கள் உடைந்தன. நாக்கிங்கை உணர்ந்து தீப்பொறியைத் தாமதிக்கும் உணர்கருவி உண்டு என்றாலும், அதன் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. எனவே, வல்லுநர்கள் அங்குள்ள பெட்ரோலுக்கு ஏற்ப அட்டவணைகளைத் திருத்தி எழுதினர். டியூனிங் என்பது கூட்டுவது மட்டுமன்று, பொருத்துவதும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

உறுப்புகளை மாற்றாமல் டியூன் செய்வோர் அவற்றின் எல்லையை மதித்தாக வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், பம்பு, கிளச் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தாங்கும் அளவு உண்டு. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பதே முழுமையாக எரிவதற்கான எடைக் கணக்கு. முழுச் சுமையில் எஞ்சினைக் குளிர்விக்கவே இதனினும் அதிகப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. அதை வீண் என்று கருதிக் குறைப்பவர் பிஸ்டனை உருக்கிவிடுவார்.

ஆகவே, முதலில் ஸ்பார்க் பிளக், குழாய்கள், எண்ணெய், சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றைச் சோதியுங்கள். உருளைகளின்மீது வண்டியை ஓடவிட்டு, கலவையையும் நாக்கிங்கையும் அளந்து படிப்படியாகத் திருத்துபவரையே நாடுங்கள். தொழிற்சாலையின் மூல அட்டவணையைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியை அகற்ற இசையாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தை மறைக்காதீர்கள். மறைத்தால், விபத்துக்குப்பின் இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

இறுதியாக ஒன்று. எஞ்சினின் ஆற்றல் கூடினாலும் பிரேக்கும் டயரும் பழையவையே. பின்னிருக்கையில் உங்கள் பிள்ளைகள் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணி, கூட்டும் அளவை முடிவு செய்யுங்கள்.