கோலமும் சன்னியும்: இலங்கை மரமுகங்கள்

கோலம் என்னும் தமிழ்ச்சொல் அழகு, வடிவு, ஒப்பனை, வேடம் எனப் பல பொருள் தரும். இச்சொல்லே இலங்கையின் தென்மேற்குக் கரையில், அம்பலாங்கொடை வட்டாரத்துச் சிங்கள மக்களிடையே, மரமுகம் அணிந்தாடும் கூத்துக்குப் பெயராய் வழங்குதல் நாம் கருதத்தக்கது. கேரளத்துப் படையணியில் கமுகம்பாளையில் எழுதி அணியும் முகங்களும் கோலம் எனவே பெறும்.

இக்கூத்தின் தோற்றம் பற்றிய கதை சுவையுடையது. மகாசம்மத மன்னனின் தேவி கருவுற்றிருந்தகாலை, முகம் அணிந்தாடும் கூத்தைக் காண வயாவுற்றாள். அத்தகைய கூத்தை நாட்டில் எவரும் அறியார். சக்கரன் ஏவலால் விசுவகர்மன் முகங்களைச் செய்து அரசனின் பூங்காவில் வைத்தான் என்ப.

முகம் செய்தற்கு உரியது சதுப்புநிலத்தில் வளரும் கதுரு என்னும் மென்மரம். அதனை அடுப்பின்மேல் புகையில் உலர்த்துவர். உளியாற் செதுக்கிச் சொரசொரப்பான இலைகளால் தேய்த்து மெருகிட்டு வண்ணம் தீட்டுவர். இலேசான மரமாதலின் ஆடுவோன் நெடும்பொழுது தாங்கவியலும். எனினும் அரசன், அரசியர் முகங்களில் மகுடம் அடுக்கடுக்காய் உயர்தலின், அவற்றை அணிந்தோர் விரைந்தாடல் அரிது.

நோய் நீக்கும் சடங்கிற்குரிய முகங்கள் வேறு. பதினெண் சன்னிகள் எனப்படும் நோய்ப்பேய்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நோயாளிமுன் தோன்றும். குருட்டுச் சன்னி, ஊமைச் சன்னி, செவிட்டுச் சன்னி என்பனவோடு வாதம், பித்தம், சிலேத்துமம் ஆகியவற்றிற்குரியனவும் அவற்றுள் உண்டு. மத்தளம் கொட்டுவோன் ஒவ்வொரு பேயையும் வினவி எள்ளி நகையாடுவான், சூழ்ந்தோரும் நகைப்பர். அச்சம் தரும் முகத்தை நகைப்பிற்கு உரியதாக்கும் இவ்வுத்தியே சடங்கின் உயிர் என்பது எம் கருத்து. பதினெண்மர்க்கும் தலைவனான மகாகோலனின் பெருமுகத்தில், இருமருங்கும் ஏனைச் சன்னிகளின் சிறுமுகங்கள் அடைவாகச் செதுக்கப்பெற்றிருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், லைபீரியா நாடுகளில் வாழும் டான் மக்களின் மரமுகங்களோடு இவற்றை ஒப்பிடல் பயன்தரும். அவர்தம் 'தெயாங்கிளெ' வகை முகம் நீள்வட்டமாய், கருமையும் வழவழப்பும் உடையதாய், கண்கள் கீற்றுப்போல் ஒடுங்க அமைதியே உருவாய்த் தோன்றும். காட்டில் வாழும் ஆவி மக்களோடு கூடி வாழ விரும்பி அம்முகத்தின் வழி ஊர் புகும் என்பது அவர் நம்பிக்கை. அங்கே ஆவி ஊரில் தங்குதற்கு முகம் வேண்டும். இங்கே பேய் ஊர்விட்டு நீங்குதற்கு முகம் வேண்டும்.

சொல்லொப்புமை கண்ட அளவில் கலையும் தமிழகத்தினின்றே சென்றது எனத் துணிதல் பொருந்தாது. சன்னி என்பது வடமொழிச் சன்னிபாதத்தின் திரிபு; இரு மொழியாளரும் மருத்துவ நூல்வழிப் பெற்றது. கோலம் ஒன்றே தமிழ்வழிச் சென்றதாதல் கூடும்.